படம் உடையிற நேரம்

வாங்கோ தம்பி, வாங்கோ. சப்பாத்தை உதிலை விடுங்கோ. தலை கவனம், அந்தக் கடைசிப் படியிலை மேல் பலகை சரியான பதிவு. போன முறை ஹீற்றர் பாக்க வந்தவன் நெத்தியை அடிச்சுப்போட்டு என்னைப் பேசிப்போட்டுப் போறான், ஏதோ நான் கட்டின வீடு மாதிரி.

இந்தப் பக்கம் வந்து கதையுங்கோ. இடக்காது எனக்குக் கேக்காது. வலக்காதும் அவ்வளவு சொல்லுற மாதிரி இல்லை. இருவத்தாறு வரியம் தகரம் அமத்திற மெஷினுக்குப் பக்கத்திலை நிண்டனான், அது காதைத் திண்டுபோட்டுது. காதுக்குள்ளை வைக்கிற சாமானும் தந்தவை. அதைப் போட்டால் பிரிஜ் இரையிறது நல்ல வடிவாக் கேக்குது, மனிசர் கதைக்கிறதுதான் கேக்குதில்லை. கழட்டி மேசை லாச்சிக்குள்ளை போட்டிட்டன்.

தேத்தண்ணி குடிப்பியள்தானே? தண்ணி கொதிச்சு ஆறி, திரும்பக் கொதிச்சுக் கிடக்கு. பத்துக்கும் பன்ரண்டுக்கும் இடையிலை வருவியள் எண்டு உங்கடை கேபிள் கொம்பனியிலை சொன்னவை. நான் எட்டு மணிக்கே சேட் மாத்திக்கொண்டு இருக்கிறன். மேலை போயிட்டோ வாறியள்? வீட்டுக்காரி வதனி கதவு திறந்தவவோ? என்ன சொன்னவ? சரி சரி, அதைப் பேந்து சொல்லுங்கோ, முதல் இருங்கோ. தம்பி எவடம்? ஸ்காபரோ எண்டு எனக்கும் தெரியும், ஊரிலை எவடம் எண்டு கேக்கிறன். இஞ்சை பிறந்தனியளோ? அப்ப அப்பா எவடம்? கொக்குவிலோ! பிறகேன் தம்பி ஸ்காபரோ எண்டு சொல்லுறியள்.

என்ரை பேர் தர்மகுலசிங்கம். குலம் எண்டால் காணும். மேலை உள்ளவை ஐயா எண்டு கூப்பிடுவினம்.

தம்பி, தம்பி, அந்த வயரிலை கை வையாதேங்கோ. இப்ப வேண்டாம். நீங்கள் உங்கடை பொக்ஸைப் பூட்டுங்கோ, எழுதிறதை எழுதுங்கோ. உந்தப் பழைய வயரைக் கடைசியாக் கழட்டலாம். அது உங்களை ஒண்டும் செய்யாது. ரீவியும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஓம், அன்ரனாதான். சிரிக்கிறியள் என்ன? இந்த றோட்டிலை அன்ரனாவாலை ரீவி பாக்கிற ஒரே ஆள் நான்தான் எண்டு நினைக்கிறன். எல்லாரும் வீட்டுக்கு வீடு உங்கடை பொக்ஸை வைச்சுக்கொண்டு இருக்க, நான் காத்திலை வாறதைப் பிடிச்சுப் பாக்கிறன். டவுன்டவுனிலை நிக்கிற கோபுரத்திலையிருந்து வருது, ஏரிக்கு அங்காலை அமெரிக்காக்காரன் விடுறதும் வருது. அவன் அங்கை விட, நான் இஞ்சை நிலத்துக்குக் கீழை இருந்து பாக்கிறன். இதெல்லாம் உங்கடை வயதுக்காரருக்கு விளங்காது. உங்களுக்குப் படம் எண்டால் இன்ரநெற்.

நான் இந்தப் பேஸ்மென்ருக்கு வந்து நாலு வரியம். மனிசி செத்து மூண்டாம் மாதம் அப்பார்ட்மென்றை விட்டிட்டு வந்தனான். ரெண்டு பேருக்கு எண்டு எடுத்த வீடு. அதிலை ஒராள் இருந்தால் கதவுகள் கூடிப்போச்சு மாதிரிக் கிடக்கும். பிள்ளையள் இல்லை. அதைக் கேக்கவேண்டாம். இஞ்சை வந்தபோது கையிலை கொண்டந்த பெரிய சாமான் உந்த ரீவி ஒண்டுதான். கடையிலை போய் அன்ரனா ஒண்டு வாங்கினனான், பள்ளிக்கூடக் கொப்பி மட்டை மாதிரித் தட்டையா இருக்கும். உந்த ஜன்னலைப் பாருங்கோ. நிலத்தோடை நிலமா. பனி கொட்டினால் வெள்ளை, கரைஞ்சால் சேறு. அதிலை ஒட்டி வைச்சு ஒரு கிழமை மல்லுக்கட்டினன். ரீவி தேடுது, தேடுது, நூறு வீதம் தேடி முடிச்சுப்போட்டுச் சனல் பூச்சியம் எண்டு காட்டுது.

அப்ப குகதாசன்தான் சொன்னவர். வீட்டுக்காரர். ரக் ஓடுறவர், கிழமையிலை அஞ்சு நாள் அமெரிக்கா றோட்டுகளிலைதான். நல்ல மனிசன். "ஐயா, மேலை எங்கடை கிச்சின் ஜன்னலிலை வைச்சுப் பாருங்கோ, அது ஏரிப் பக்கம் பாத்த ஜன்னல்" எண்டார். முந்தி ஆரோ துளைச்ச ஓட்டை ஒண்டு கிடந்தது, அதுக்குள்ளாலை வயரை இறக்கினம். வதனி, அவரின்ரை மனிசி, மேலை நிண்டு அன்ரனாவைப் பிடிக்கிறா. நான் கீழை ரீவிக்கு முன்னாலை. எனக்குக் காது கேக்காதுதானே, அவையின்ரை பிள்ளை ஆரணி நடுவிலை படியிலை நிண்டு ரெண்டு பக்கமும் கத்துறாள். "அம்மா, ஐயா இடப்பக்கமாம்! ஐயா, அம்மாக்குக் கை நோகுதாம்!" அப்ப அவளுக்கு நாலு வயது. எத்தினை சனல் வந்தது சொல்லுங்கோ பாப்பம்? முப்பத்திரண்டு! அண்டைக்கு நாலு பேரும் என்னமோ புதையல் எடுத்த மாதிரிச் சிரிச்சம். வதனி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டந்து தந்தவ. நான் இந்த வீட்டிலை பட்ட முதல் சந்தோசம் அதுதான் தம்பி. பொய் சொல்லேல்லை.

ஆனால் கரைச்சலும் அதிலைதான் துவங்கினது.

பழைய அன்ரனா எண்டால், குறுக்கை ஆள் போனால் படம் கொஞ்சம் மங்கும், புள்ளி விழும், அவ்வளவுதான். இப்பத்தை டிஜிட்டல் அப்பிடி இல்லை. வந்தால் முழுசா வரும். இல்லாட்டிக் கட்டம் கட்டமா உடையும், ஆளின்ரை மூக்கு ஒரு இடம், வாய் ஒரு இடம். இன்னும் மோசமெண்டால் அப்பிடியே நிண்டுபோகும். உங்களுக்கு நான் சொல்லவேணுமோ, உங்கடை தொழில். அன்ரனா இருக்கிறது கிச்சின் ஜன்னலிலை, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு நேர மேலை. அதிலை ஆர் வந்து நிண்டாலும் இஞ்சை என்ரை படம் உடையும். ஒரு குடும்பம் கிச்சினுக்குள்ளை ஒரு நாளைக்கு எத்தினை தரம் போகும்? அவ்வளவு தரமும்.

முதல் வரியம் நான் ஓடி ஓடிப் போய்ச் சொன்னனான். மேல் வீட்டுப் பக்கக் கதவைத் தட்டுவன். "வதனி, படம் உடையுது." "ஐயோ ஐயா, கறிவேப்பிலை கழுவினனான்" எண்டு சொல்லிக்கொண்டு அன்ரனாவை ஒருக்காத் திருப்பி வைப்பா. சில நேரம் தேத்தண்ணி தருவா. சில நேரம் ஆரணி தான் கீறின படத்தைக் கொண்டந்து காட்டுவாள். நான் நிண்டு நாலு கதை கதைச்சுப்போட்டு வருவன். என்ன செய்யிறது, கரைச்சல் எண்டால் போய்ச் சொல்லத்தானே வேணும்.

பேந்து ஒரு நாள் எனக்குப் பிடிபட்டுது. எல்லா உடைவும் ஒண்டில்லை.

ஆரணி வந்தால் சடக்கெண்டு நாலு கட்டம் உடைஞ்சு, உடனை சரியாகும். தும்மின மாதிரி. பள்ளிக்கூடத்தாலை வந்து நேர பிரிஜ்ஜுக்கு ஓடுறவள். குகதாசன் எண்டால் ஆள் கொஞ்சம் சதை, அவர் நிண்டால் முழுப்படமும் நிண்டுபோம், அவர் நகர மட்டும் அமெரிக்காக்காரன் வாயைத் திறந்தபடி நிப்பான். வதனி வேறை. வதனி வந்தால் ஒரு ஓரத்தாலை மெல்ல உடையத் துவங்கும், அங்காலை போவா, சரியாகும், திரும்ப வருவா, உடையும். சோறு காச்சிறா, கறி வைக்கிறா எண்டு எனக்கு விளங்கும். காது கேக்காதவனுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மேலை ஆள் நடக்கிற சத்தம் எனக்குத் தெரியாது. கதவு சாத்திறது தெரியாது. நான் இஞ்சை இருக்க, அவை வீடு வித்துப்போட்டுப் போனாலும் தெரியாது. ஆனால் படம் உடைஞ்சால், ஆ, பிள்ளை வந்திட்டுது. ஆ, மனிசன் அமெரிக்காவாலை வந்திட்டார்.

என்ன சொல்லுறியள்? மற்ற நம்பருகள் நல்ல கிளியரா வருதோ? ஓம், வரும். ஒன்பது வரும், அஞ்சு வரும், பத்தொன்பது வரும். அதுகள் கிட்டவுள்ள கோபுரம், யானை குறுக்கை போனாலும் உடையாது. இது பதினொண்டு. தூரத்துச் சனல், பலமில்லை. ஏன் இதையே வைச்சிருக்கிறன் எண்டால், சும்மாதான் தம்பி. பழகிட்டுது. இதிலை ஒரு மனிசி கேக் அடிப்பா, பேந்து ஒரு கிழவி நீதவானா இருந்து கோடு நடத்துவா, வழக்குக்கு வந்த எல்லாரையும் பேசுவா. எனக்கு இங்கிலீசு அவ்வளவு விளங்காது, கேக்கிறதும் இல்லை. பாத்துக்கொண்டு இருப்பன். மற்றச் சனலுகளிலையும் அந்த மாதிரிக் கிழவியள் இருக்கினம்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை.

போன வரியம் ஆவணி மாதம் அவை மொன்றியலுக்குக் கலியாணவீடு எண்டு போய், அப்பிடியே எங்கையெல்லாமோ சுத்திப்போட்டுப் பன்ரண்டு நாளாலை வந்தவை. பன்ரண்டு நாளும் பதினொராம் நம்பர் கண்ணாடி மாதிரித் தம்பி! ஒரு கட்டம் உடையேல்லை. கோட்டுக் கிழவியின்ரை தோடு தெரியுது, கேக் மனிசியின்ரை கையிலை சூட்டுத் தழும்பு தெரியுது. நீங்கள் நினைப்பியள், நான் நல்லா இருந்து பாத்திருப்பன் எண்டு. பாக்க ஏலேல்லை. அஞ்சு நிமிசம் இருப்பன், எழும்பி நடப்பன். நாலாம் நாள் பஸ் எடுத்து மோலுக்குப் போய் அங்கை கிடக்கிற வாங்கு ஒண்டிலை குந்தி இருந்திட்டு வந்தனான். ஏழாம் நாள் நெஞ்சு ஒரு மாதிரிக் கிடந்துது, டொக்ரரிட்டைப் போனன், அவர் ஒண்டும் இல்லை எண்டிட்டார். வெயில் கூடத்தானே அந்த மாதம், அதாலை இருக்கும். பன்ரண்டாம் நாள் பின்னேரம் கேக் மனிசி மா குழைக்கிறா, சடக்கெண்டு நாலு கட்டம். ஆரணி! நான் கையைத் தட்டிப்போட்டன், தெரியுமோ. இந்தக் கதிரையிலை இருந்து, தனியக் கையைத் தட்டினனான். எனக்கே வெக்கமாப் போச்சு.

குடியுங்கோ, ஆறப்போகுது. சீனி காணுமோ?

இந்த வரியம் தை மாதம் வதனியின்ரை தாய் ஊரிலை செத்துப்போனா. பாஸ்போட் புதுப்பிக்கக் குடுத்திருந்தவை, கையிலை இல்லை, போக ஏலேல்லை. அப்ப எனக்கு இது ஒண்டும் தெரியாது. ஆர் வந்து கீழை சொல்லுறது? ஒரு நாள் காலமை பத்து மணி. படம் நிக்குது. உடையேல்லை, நிக்குது. பத்து நிமிசம், இருவது நிமிசம். குகதாசன் ரக்கிலை போயிட்டார், அப்ப ஆர் இது? எனக்கு ஒரு கோவம். வாடகை குடுக்கிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ எண்டு சொல்லிக்கொண்டு மேலை போனன். கதவு திறந்து கிடக்கு. உள்ளுக்கை தலையை நீட்டி, "வதனி, படம் நிண்டுபோச்சு" எண்டன்.

ஃபோனை என்ரை அன்ரனாவிலை சாத்தி வைச்சிருக்கிறா. வைச்சுப்போட்டு அதுக்கு முன்னாலை நிக்கிறா. ஊரிலை செத்தவீட்டைக் கமராக்காரர் படம் பிடிச்சு அனுப்பியிருக்கினம், எல்லாரும் இப்ப அப்பிடித்தானே, போகேலாதவைக்கு எண்டு. பந்தல் தெரியுது. சனம் தெரியுது. சவப்பெட்டி தெரியுது. நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டன். அவ சடாரெண்டு ஃபோனை எடுத்துப்போட்டு, "சொறி ஐயா, மன்னிக்கவேணும்" எண்டா. என்னட்டை! தாய் செத்தவள் என்னட்டைச் சொறி சொல்லுறா, என்ரை படம் நிண்டுபோச்செண்டு.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியேல்லை. என்ரை மனிசி செத்தபோது வந்து கதைச்ச ஆக்களுக்கெல்லாம் நான் "ஓம், ஓம்" எண்டுதான் சொல்லிக்கொண்டு நிண்டனான், அவை என்ன கேட்டவை எண்டே தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்திட்டன்.

அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் தம்பி. பிள்ளை பள்ளிக்கூடம், மனிசன் றோட்டிலை. பத்து மணி எண்டால் படம் நிக்கும். அரை மணித்தியாலம், சில நாள் முக்கால். முதலிலை பாத்திரம் கழுவுறா எண்டு நினைச்சன். உந்தா போகுதே செம்புக் குழாய், அது அவையின்ரை தண்ணிக் குழாய். மேலை பைப் திறந்தால் அது அதிரும். நான் எழும்பிப் போய் அதிலை கையை வைச்சுப் பாத்தன். அதிரேல்லை. தண்ணி ஓடேல்லை, ஆள் நகரேல்லை, படம் நிக்குது. அப்ப என்ன செய்யிறா? நிக்கிறா. சும்மா நிக்கிறா.

நான் என்ன செய்வன் தெரியுமோ? போய்க் கதவைத் தட்டுவன். "வதனி, படம் நிண்டுபோச்சு." கண்ணைத் துடைச்சுப்போட்டு வருவா. "வெங்காயம் வெட்டினனான் ஐயா." அங்கை வெங்காயமும் இல்லை, கத்தியும் இல்லை. அன்ரனாவைத் திருப்பி வைப்பா, நானும் பாத்துக்கொண்டு நிப்பன். பிறகு அவ வேறை வேலை பாக்கத் துவங்குவா. நல்லதுதானே? ஒராள் அப்பிடியே நிண்டால் மனம் விட்டுப்போம். தாயைப்பற்றி நான் ஒரு நாளும் கேக்கேல்லை. படத்தைப்பற்றித்தான் கேட்டனான். ஒரு நாள், "ஐயா, என்ரை கிச்சினிலை நான் நிக்கவும் கூடாதோ?" எண்டு கேட்டவ. நல்ல பகிடிக்காரி. நான் அதுக்குச் சிரிச்சன்.

இனித்தான் கதை. சித்திரையிலை ஆரணிக்கு எட்டு வயது. மேலை கேக் வெட்டினவை, என்னையும் கூப்பிட்டவை. குகதாசன்ரை கூட்டாளிமார் நாலஞ்சு பேர் குடும்பத்தோடை. எல்லாரும் ஏதோ படம், ஏதோ சீரியல் எண்டு கதைக்கினம். அதிலை ஒருத்தர் என்னைப் பாத்து, "ஐயா இன்னும் அன்ரனாவோ? எந்தக் காலத்திலை இருக்கிறியள்" எண்டு நக்கலாக் கேட்டார். எனக்கு வந்துதே! நாலு பேருக்கு முன்னாலை ஒருத்தன் அப்பிடிக் கேட்டால் சும்மா இருக்கலாமோ? நான் சொன்னன், "தம்பி, உங்கடை பொக்ஸிலை படம்தான் தெரியும். என்ரை அன்ரனாவிலை இந்த வீடே தெரியும்" எண்டு. "எப்பிடி?" எண்டார். எல்லாரும் என்ரை பக்கம் திரும்பினவை. எனக்கும் ஒரு உசார் வந்திட்டுது. எனக்குச் சுத்திவர ஆக்கள் இருந்து நான் சொல்லுறதைக் கேட்டு எத்தினை வரியம்!

சொன்னன். பிள்ளை தும்மின மாதிரி வாறதைச் சொன்னன், எல்லாரும் சிரிச்சவை. குகதாசன்ரை தொந்தி படத்தை நிப்பாட்டிறதைச் சொன்னன், அதுக்கு இன்னும் சிரிச்சவை. பேந்து சொன்னன், "வதனி காலமை பத்து மணிக்கு ஜன்னலடியிலை வந்து நிப்பா. முக்கால் மணித்தியாலம் அசையமாட்டா. தண்ணியும் ஓடாது. நான் குழாயிலை கை வைச்சுப் பாக்கிறனான்."

அதுக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை.

நான் நினைச்சன், ஆக்கள் அதிசயப்பட்டுப் போட்டினம் எண்டு. காது கேக்காத மனிசன் கீழை இருந்துகொண்டு இவ்வளவும் கண்டுபிடிக்கிறான் எண்டால் சும்மாவோ? குகதாசன் வதனியைப் பாத்து, "நீ நிக்கிறனியோ? ஏன்?" எண்டார். வதனி கேக் பிளேற்றுகளை எடுத்துக்கொண்டு உள்ளுக்கை போயிட்டா. ஆரோ ஒரு பொம்பிளை, "ஐயா சிஐடியிலை இருந்தவரோ" எண்டு கேட்டா. நான் இல்லை, தகரக் கொம்பனியிலை எண்டு சொன்னன்.

அடுத்த கிழமை குகதாசன் கீழை வந்தவர். அவர் இஞ்சை இறங்கி வந்து எத்தினையோ மாதம். உதிலை, நீங்கள் இருக்கிற கதிரையிலைதான் இருந்தவர். "ஐயா, உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல், ஓடி ஓடி மேலை வாறியள், படி ஏறுறியள். நாங்கள் பொக்ஸ் ஒண்டு போட்டுத் தாறம், இருநூறு சனல், தமிழ்ச் சனலும் வரும். நீங்கள் ஒண்டும் தரவேண்டாம்" எண்டார். நான் வேண்டாம் எண்டு எவ்வளவோ சொன்னனான். விடேல்லை. நல்ல பிள்ளையள் தம்பி. என்ரை முழங்காலைப் பற்றி யோசிச்சிருக்கினம் பாருங்கோ.

இன்னொண்டு சொல்லவேணும். அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு பத்து மணிக்குப் படம் நிக்கிறேல்லை. ஒரு நாளும் இல்லை. அப்ப நான் நினைச்சன், பறவாயில்லை, நான் நாலு பேருக்கு முன்னாலை சொன்னது நல்லதாப் போச்சு, மனிசனுக்கும் தெரிஞ்சுது, அவவும் சுகமாயிட்டா எண்டு. கிச்சினுக்கு வந்தால் கெதியா வேலையை முடிச்சுப்போட்டுப் போறா போலை. சும்மா ரெண்டு கட்டம் உடையும், உடனை சரி. இப்பவும் பாருங்கோ, மணி பத்தே முக்கால், கிழவி எவ்வளவு வடிவா இருந்து கோடு நடத்திறா. ஒரு கீறல் இல்லை.

என்ன தம்பி? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கோ.

முதல் அன்ரனாவைக் கழட்டச் சொன்னவவோ? ஆர், வதனியோ? நீங்கள் வந்த உடனையோ? பொக்ஸ் பூட்ட முதலோ?

பிறகு? பிறகு என்ன கேட்டவ? இல்லை, சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் இல்லை.

"இதைக் கழட்டினால் கீழை ஒண்டும் தெரியாதுதானே?"

அப்பிடியோ கேட்டவ. இதே சொல்லோ? ரெண்டு தரமோ?

பொறுங்கோ தம்பி. கொஞ்சம் பொறுங்கோ.

இல்லை, தண்ணி வேண்டாம். நான் இருக்கிறன்.

என்னைக் கண்டு பயந்திருக்கிறா. அதைத்தானே நீங்களும் சொல்ல வந்தனியள், வந்ததிலையிருந்து வாயைத் திறக்கிறியள், நான் விடேல்லை. அது சரி, ஆர்தான் பயப்பிடாயினம்? கீழை ஒரு கிழவன் இருந்துகொண்டு, நீ எப்ப நிண்டாய், எவ்வளவு நேரம் நிண்டாய் எண்டு குழாயிலை கை வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தால். அதையும் கேக் வெட்டிற இடத்திலை, ஊர்ச் சனத்துக்கு முன்னாலை, பெருமையாச் சொன்னால். நான் என்ன மனிசன் தம்பி! அவளுக்குத் தாய்க்கு அழ இருந்தது அந்த ஜன்னல் ஒண்டுதான். பிள்ளைக்கு முன்னாலை அழ ஏலாது, மனிசன் வீட்டிலை இல்லை, ஊருக்குப் போகக் கிடைக்கேல்லை. அரை மணித்தியாலம் அதிலை நிண்டவள். அதுக்கும் நான் போய்க் கதவைத் தட்டினனான், படம் வரேல்லை எண்டு.

சுகமாகேல்லை. வேறை இடம் பாத்திருக்கிறா. குளிக்கிற அறைக்குள்ளையோ, காருக்குள்ளையோ, எங்கையோ. இனி எனக்குத் தெரியாது.

நான் கெட்ட எண்ணத்திலை பாக்கேல்லைத் தம்பி. உங்களுக்கு விளங்கும்தானே? எனக்கு மேலை ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சால் போதும், வேறை ஒண்டும் இல்லை. ஒரு நாளிலை ஒரு பத்துத் தரம் படம் உடைஞ்சால் அண்டைக்கு எனக்கு வீடு நிறைய ஆக்கள். அதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். இப்ப போய்ச் சொல்லலாமோ? இல்லை, இப்ப போய்ச் சொன்னால் இன்னும் பயப்பிடுவா.

சரி. எழும்புங்கோ. வயரைக் கழட்டுங்கோ. இப்ப, இப்ப கழட்டுங்கோ, பொக்ஸ் பேந்து பாக்கலாம். ரீவியிலை மட்டும் காணாது, ஓட்டையிலையிருந்து முழுசா இழுத்துப்போடுங்கோ. இந்தா, நான் பிடிக்கிறன். மேலை போய் அன்ரனாவையும் எடுத்துக்கொண்டு வந்திடுங்கோ, அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை எடுங்கோ. எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ, "கழட்டியாச்சு அக்கா, இனிக் கீழை ஐயாவுக்கு ஒண்டும் தெரியாது" எண்டு. நான் சொல்லச் சொன்னது எண்டு சொல்லவேண்டாம். ஓட்டையையும் ஏதாவது வைச்சு அடைச்சு விடுங்கோ, அடைக்கிறதையும் அவ பாக்கட்டும்.

நாளைக்குப் பத்து மணிக்கு அவ அதிலை வந்து நிக்கட்டும். எவ்வளவு நேரமெண்டாலும் நிக்கட்டும்.

எனக்கென்ன தம்பி, இருநூறு சனல் வருதாம். மேலை போயிட்டு வந்து, உந்தப் புதுப் பொக்ஸை எப்பிடி நிப்பாட்டிறது எண்டு மட்டும் ஒருக்காக் காட்டித் தந்திட்டுப் போங்கோ.